முதலாண்டு கெமிஸ்ட்ரி லேப் பாதுகாப்புக்கு ஏஆர்: வாங்கலாமா, நாமே செய்யலாமா, வேண்டாமா?

கூம்புக்குடுவை | திங்கள், இரவு 9:10

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். முதலாண்டு பி.எஸ்சி. லேப் என் பொறுப்பு. போன வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து லேப் பாதுகாப்பு கற்பிக்கும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) மென்பொருளைச் செய்து காட்டினார்கள். மேசையில் ஒரு அட்டையை வைத்து டேப்லெட்டைப் பிடித்தால், அதன்மேல் முகவை, அமில பாட்டில், ஸ்பிரிட் விளக்கு எல்லாம் முளைக்கின்றன. அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் டமால் என்று வெடிக்கிறது. முதல்வருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆய்வுக் குழு வரும்போது காட்டலாம் என்று நிர்வாகமும் சொல்கிறது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: முதல் நாள் விதிகளை வாசிப்போம், ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவோம். மறு வாரமே பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய்) வாயால் உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். இது போதாது என்பதில் சந்தேகமில்லை.

நான் கேட்க வந்தது: ஏஆர் நிஜமாகவே உதவுமா? உதவும் என்றால் வாங்குவதா, நாமே செய்துகொள்வதா? இன்னொன்று, எங்கள் லேபில் கண்கழுவி (கண்ணில் ரசாயனம் பட்டால் தண்ணீர் பீச்சிக் கழுவும் சாதனம்) கிடையாது, சிங்க் குழாய்தான். அந்தப் பணத்தில் அதைப் போட்டுவிட்டு ஏஆரை மறந்துவிடலாமா?

---

பழையமணி | திங்கள், இரவு 9:32

கண்கழுவியே இல்லாத லேபில் கண்கழுவி எங்கே என்று ஏஆர் காட்டுமா மேடம்? முதலில் அதைப் போடுங்கள்.

கணக்கு சொல்கிறேன், நிர்வாகத்திடம் காட்டுங்கள். அமெரிக்கத் தரமான ஆன்சி இசட்358.1-இன்படி, ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து சுமார் 10 வினாடியில் போய்ச் சேரும் தூரத்தில் கண்கழுவி இருக்கவேண்டும். குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வரவேண்டும், அதுவும் நிமிடத்துக்கு 1.5 லிட்டருக்குக் குறையாமல். மொத்தம் 22 லிட்டருக்கு மேல். பல கல்லூரிகளில் சுவரில் தொங்கும் அந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இந்த வேகத்தில் 20 வினாடியில் காலி. சிங்க் குழாயில் தண்ணீர் ஒரே பீச்சாக வரும், இரண்டு கண்ணையும் சேர்த்து நனைக்காது, வேகமும் கண்ணுக்கு ஆகாது.

இதைப் போட்டபிறகு ஏஆர், விஆர், எது வேண்டுமானாலும் பேசலாம்.

---

நிழலுரு | திங்கள், இரவு 10:05

கோவையில் ஏஆர் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் நகைக்கடை, ரியல் எஸ்டேட். கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு சரி. தொழில்நுட்பத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்குக் காட்டியது மார்க்கர் வகை. அட்டையில் உள்ள படத்தை கேமரா அடையாளம் கண்டு, அதன்மேல் முப்பரிமாண உருவத்தை உட்காரவைக்கிறது. இதற்குக் காசு கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏஆர்.ஜேஎஸ், மைண்ட்ஏஆர் இரண்டுமே திறமூலம். பிரவுசரிலேயே ஓடும், ஆப் நிறுவவேண்டாம். கூகுளின் ஏஆர்கோர் வழியாகப் போனால் தரையையும் மேசையையும் அதுவே கண்டுபிடிக்கும். ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது, கூகுள் சான்று கொடுத்த மாடல்களில் மட்டும்தான். மாணவர் கையில் இருக்கும் மலிவுப் போன்களில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகும்.

அப்புறம் உங்கள் லேப் மேசை என்ன? கடப்பா கல்லா, வெள்ளை டைல்ஸா? இரண்டுமே தலைவலி. கேமரா எதையாவது பிடித்துக்கொண்டுதான் இடத்தைக் கணக்குப் போடும். ஒரே நிறத்தில் பளபளக்கும் பரப்பில் பிடிக்க ஒன்றும் இருக்காது, டியூப்லைட் பிரதிபலிப்பைப் பிடித்துக்கொண்டு நகரும். கண்ணாடிச் சாமான் அதைவிட மோசம். டெப்த் சென்சார் கண்ணாடியை ஊடுருவிப் பின்னால் இருக்கும் சுவரை அளக்கும். 'மாணவர் கையில் இருக்கும் நிஜ பியூரெட்டை (அளவு குறித்த, அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாய்) எங்கள் மென்பொருள் கண்டுகொள்ளும்' என்று விற்பனையாளர் சொன்னால், உங்கள் மேசையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

தலையில் மாட்டும் கருவி பக்கம் போகாதீர்கள். ஹோலோலென்ஸ் 2 வந்தபோது 3,500 டாலர். 2024-இல் மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாளைக்குக் கெட்டுப்போனால் யாரிடம் போவது?

என் யோசனை: நகராத பொருள்களில் மார்க்கர் ஒட்டுங்கள். ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கதவுக் கூண்டு), அமில அலமாரி, காஸ் வால்வு, தீயணைப்பான், மெயின் சுவிட்ச்.

---

ஸ்டோர்கீப்பர் | செவ்வாய், காலை 6:48

லேப் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் வெடிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இருந்த காலத்தில் எங்கள் லேபில் வெடித்தது அபூர்வம். தினப்படி நடந்தது வேறு.

சுட்ட கண்ணாடியைத் தொடுவதுதான் முதல் இடம். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரி. விளக்குமேல் முகவையைத் தாங்கும் இரும்பு முக்காலியும் அப்படித்தான். அடுத்தது, ரப்பர் கார்க்கில் கண்ணாடிக் குழாயை ஈரப்படுத்தாமல் அழுத்தித் திருகுவது. குழாய் முறிந்து உள்ளங்கையில் ஏறும். சோதனைக்குழாயைச் சூடுபண்ணும்போது வாயைப் பக்கத்துப் பையன் முகத்துக்கு நேரே பிடிப்பது. நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையில் அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக வழியவிடச் சொன்னால், மேலேயிருந்து மொத்தமாக ஊற்றுவது. எரிந்துகொண்டிருக்கும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றுவது. துப்பட்டாவைப் பின் குத்தாமல் விளக்கு மேல் குனிவது.

கரிமச் சேர்மத்தில் என்ன தனிமங்கள் என்று பார்க்கும் சோடியம் உருக்கு முறை தனிக்கதை. மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, உருக்குக் குழாயில் போட்டு, செக்கச்செவேல் என்று காய்ச்சி, பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கவேண்டும். முக்கிய உடனே கம்பிவலையால் மூடவேண்டும், வினைபுரியாத சோடியம் இருந்தால் பட்டென்று தெறிக்கும். மூடுகிற அந்த அசைவைக் கை தானாகச் செய்யவேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. கழிவுச் சோடியத்தை சிங்க்கில் போட்டுவிட்டு ஓடின பிள்ளைகளும் உண்டு. டேப்லெட்டில் விரலால் தட்டிப் பழகினால் அந்தக் கைப்பழக்கம் வருமா? எனக்குத் தெரிந்து வராது.

---

மூன்றாம்பெஞ்ச் | செவ்வாய், மதியம் 1:20

மாணவன் பேசுகிறேன், மூன்றாம் வருடம். மேடம், முதல் நாள் வகுப்பு எங்கள் காதில் ஏறாததற்குக் காரணம், அன்றைக்கு நாங்கள் எதையும் தொடுவதில்லை. 'அடர் நைட்ரிக் அமிலம் தோலை மஞ்சளாக்கும்' என்றால் சரி என்று கேட்டுக்கொள்வோம். அமிலத்தைத் தொடும் நாள் இரண்டு மாதம் கழித்து வரும், அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாததற்குக் காரணம், வியர்வையில் ஐந்தே நிமிடத்தில் பனி படர்ந்து பியூரெட் அளவு தெரியாது. சாரும் மாட்டுவதில்லை, அதுவும் ஒரு காரணம்.

ஏஆர் வந்தால் விளையாடுவோம், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் லேப் நடக்கும்போது போனைக் கையில் கொடுத்தால் கெட்டது கதை. கையில் அமிலம், அதே கையால் போன், அப்புறம் அதே போன் கன்னத்தில். லேபுக்கு முன்னால் கொடுங்கள்.

---

வெளியூர்_ஆய்வன் | செவ்வாய், இரவு 8:15

தம்பி சொன்ன கடைசி வரியை அப்படியே வழிமொழிகிறேன்.

அமெரிக்காவில் ஆர்கானிக் சிந்தெசிஸில் முனைவர் பட்டம் செய்கிறேன். இங்கே பாதுகாப்பு வகுப்பில் சில சம்பவங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றிலும் ஏஆர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

2008 டிசம்பர், லாஸ் ஏஞ்சலிஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம். டெர்ட்-பியூட்டைல்லித்தியம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதை 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார் 23 வயதான உதவி ஆய்வாளர். பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. லேப் கோட் போடவில்லை, உடம்பில் செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். இங்கே ஏஆர் என்ன செய்திருக்கும்? சிரிஞ்சை இழுக்கும்போது கையில் வரும் எதிர்ப்பைத் திரையில் கற்றுக்கொள்ள முடியாது. ஸ்டோர்கீப்பர் ஐயா சொல்வது இதைத்தான். கோட் போடு என்று சொல்வதற்கோ பக்கத்தில் ஒரு சீனியர் நின்றால் போதும்.

2010 ஜனவரி, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட், வெடிக்கும் சேர்மம். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று வரம்பு இருந்தது, ஆனால் வாய்ச்சொல்லாக. செய்தது சுமார் 10 கிராம். ஒரு மாணவர் மூன்று விரல்களை இழந்தார். எழுதி வைக்காத விதியை எந்த மென்பொருள் காட்டும்?

2014 ஜனவரி, நியூயார்க்கில் ஒரு பள்ளி. உலோக உப்புகளை மெத்தனாலில் எரித்து வண்ண வண்ணச் சுடர் காட்டும் டெமோ. மெத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட் 11 டிகிரி, அதாவது அறை வெப்பத்தில் எப்போதும் பற்றத் தயாராக ஆவி நிற்கும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடரே சரியாகத் தெரியாது. பெரிய பாட்டிலிலிருந்து மெத்தனால் ஊற்றியபோது தீ பாய்ந்து இரண்டு மாணவர்களுக்குத் தீக்காயம், அதில் ஒருவருக்கு மிக மோசமாக. இதே டெமோவைப் பற்றி அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் எச்சரிக்கைக் காணொளி வெளியிட்டது 2013 டிசம்பரில். இடையில் சில வாரங்கள்தான்.

எனக்கு இந்த மூன்றாவதில்தான் ஏஆருக்கு வேலை இருப்பதாகத் தெரிகிறது. வேறு எதுவும் காட்ட முடியாத ஒன்று, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆவி. அதை மேசைமேல் நிறத்தோடு தவழவிட்டுக் காட்ட முடியும். கைவேலைப் பழக்கத்துக்கு ஏஆரைக் கேட்பது வீண்.

2018-இல் அமெரிக்காவின் வோர்ஸ்டர் பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள் உயிர்வேதியியல் லேப் பாதுகாப்புக்கு ஏஆர் செய்து ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷனில் எழுதியிருக்கிறார்கள். மாணவர் ஆர்வமும் கற்றலும் கூடியதாகச் சொல்கிறார்கள். ஆர்வம் கூடுவது வேறு, விபத்து குறைவது வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

---

பழையமணி | செவ்வாய், இரவு 8:40

அமெரிக்கா வரை போவானேன். 2009 டிசம்பரில் ட்ராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்து வேதியியல் லேபில் தீப்பிடித்து இரண்டு இளம் ஆய்வாளர்கள் இறந்துபோனார்கள். 2018 டிசம்பரில் பெங்களூர் ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். வகுப்பில் சொல்லும்போது நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

---

கூம்புக்குடுவை | புதன், மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு அந்த டெமோ டேப்லெட்டை இரண்டு நாள் இரவல் வாங்கி மாணவர் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

டேப்லெட்டை வாங்கிய முதல் பையன் நேராக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினான். வெடித்தது. ஓ என்று ஒரே கத்தல். அடுத்தவன் வாங்கி அதையே செய்தான். அமிலத்தைத் தண்ணீரில் சரியாக ஊற்றியவர்களுக்கு ஒரு பச்சை டிக் வந்தது, அவ்வளவுதான். அதை யாரும் இரண்டாம் முறை செய்யவில்லை. தப்பைச் செய்தால் பட்டாசு, சரியாகச் செய்தால் ஒன்றுமில்லை! இதை யோசித்து வடிவமைத்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லையோ என்னவோ.

அதைவிட எனக்கு உறுத்தியது, காட்டுவது தப்பு என்பது. அமிலத்தில் தண்ணீர் பட்டால் குண்டு மாதிரி வெடிக்காது. அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, தண்ணீர் மேலேயே நிற்கும், சேரும் இடத்தில் மட்டும் வெப்பம் கிளம்பி அந்தத் தண்ணீர் கொதித்து அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கும். ஒரு சொட்டு போதும், கண்ணில் பட்டால். குண்டுவெடிப்பைப் பார்த்துப் பழகியவன் லேபில் லேசாகச் 'சுர்' என்று தெறிப்பதைப் பார்த்தால், 'இவ்வளவுதானா' என்று நினைக்கமாட்டானா?

---

நிழலுரு | புதன், மாலை 6:12

இது ரொம்ப முக்கியமான கவனிப்பு மேடம். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் 'வாவ்' வேண்டும், அதனால் எதற்கும் வெடிப்பு வைப்போம்.

மாற்றிச் செய்யலாம். தப்பு செய்தால் உடனே எதுவும் நடக்கக்கூடாது. ஆவி மெதுவாகப் பரவட்டும், பையன் வேறு வேலை பார்க்கட்டும், அப்புறம் மேசையின் மறுகோடியில் பற்றட்டும். எந்தத் திரவத்தை எடுக்கலாம்? யாராவது கெமிஸ்ட்ரிக்காரர் சொல்லுங்கள்.

---

வெளியூர்_ஆய்வன் | புதன், இரவு 9:02

டை எத்தில் ஈதர். சந்தேகமே வேண்டாம்.

கொதிநிலை 34.6 டிகிரி. நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத லேபில் பாட்டிலைத் திறந்தாலே கொதிக்கிற நிலை. ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 45. ஆவி காற்றைப்போல 2.6 மடங்கு கனம், அதனால் சாம்பிராணிப் புகை மேலே போவதற்கு நேர்மாறாக இது கீழே இறங்கி மேசைமேல் ஊர்ந்து, விளிம்பில் வழிந்து, தரையில் பரவும். எங்கோ எரியும் பர்னரைத் தொட்டதும் தீ வந்த வழியே பாட்டிலுக்குத் திரும்பும். தீயே வேண்டாம், நன்றாகக் காய்ந்த ஹாட் பிளேட்டே போதும். 160, 180 டிகிரியிலேயே தானாகப் பற்றிவிடும்.

முதலாண்டுக்கு ஈதர் இல்லையென்றால் அசிட்டோன் எடுங்கள். குடுவையைச் சீக்கிரம் காயவைக்க அசிட்டோன் ஊற்றிக் குலுக்கும் பழக்கம் எல்லா லேபிலும் உண்டு. ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 20 கிட்ட. அதன் ஆவியும் காற்றைவிடக் கனம்தான், இரண்டு மடங்கு.

வேகத்தை மட்டும் மிகைப்படுத்தாதீர்கள். ஃபேன் ஓடாவிட்டால் எப்படிப் பரவும், ஓடினால் எப்படிப் பரவும், ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்தால் எப்படி உள்ளே இழுபடும் என்று மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டினால், ஹூட் எதற்கு என்று யாரும் சொல்லித்தரவேண்டாம்.

---

வடமராட்சி | புதன், இரவு 10:20

யாழ்ப்பாணப் பக்கத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலைக்குள் பிள்ளைகள் கைத்தொலைபேசி கொண்டுவர ஏலாது. அதனால் என்னுடைய தொலைபேசித் திரையை புரொஜெக்டரில் விழுத்தித்தான் காட்டுவேன். ஒரு பிள்ளை தொலைபேசியைப் பிடிக்கும், மற்றவர்கள் 'இடப்பக்கம், இன்னும் கிட்டப் போ' என்று சொல்லுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருப்பதைவிட இது நல்லது என்றே எனக்குப் படுகிறது, எல்லாரும் கதைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் ஒரு மேசையைப் பிள்ளைகள் வருவதற்கு முன்னரே பிழையாக அடுக்கி வைப்பேன். சுடரடுப்புக்குப் (பர்னர்) பக்கத்தில் எதனோல் போத்தல் (உள்ளே தண்ணீர்தான்). அளவியின் (பியூரெட்) மேல் புனல் எடுக்கப்படாமல் இருக்கும். குழாயிக்கு (பிப்பெட்) உறிஞ்சு குமிழ் இல்லை. வெடிப்பு விழுந்த முகவை. பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல் ஒன்று. சாப்பாட்டுப் பெட்டியும் இருக்கும், அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பிள்ளைகள் பார்த்து எழுதவேண்டும். அதன்பிறகுதான் தொலைபேசி. மேசைக்குக் கிட்டப் பிடித்தால், அவர்கள் கண்டுபிடிக்காதவை சிவப்பாகத் தெரியும்.

முதல் பாதிக்கு ஏஆர் தேவையே இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் எதனோல் போத்தலைச் சுற்றி ஆவியைக் காட்டினால் அது 'பிழை' என்பதில் இருந்து 'ஏன் பிழை' என்பதற்குப் பேச்சு போகும்.

---

பழையமணி | வியாழன், காலை 7:15

வடமராட்சி ஐயா/அம்மா சொல்வது நான் இந்த இழையில் படித்ததிலேயே உருப்படியான யோசனை. மேடம், அந்தப் பிழை மேசையையே பரீட்சையாகவும் வையுங்கள். ஏஆர் பார்த்த அன்றே வினாடிவினா வைத்தால் எல்லாரும் பாஸ். அரைப் பருவம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், வேறு மாதிரி அடுக்கிய மேசையைக் காட்டுங்கள். ஏஆர் பார்த்த பேட்ச் ஒன்று, பழைய முறை பேட்ச் ஒன்று. அப்போது தெரியும் சங்கதி.

ஃபியூம் ஹூட் பேச்சு வந்ததால் ஒன்று. கண்ணாடிக் கதவின் கீழ் விளிம்பில் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை ஒட்டிவையுங்கள். உள்ளே இழுபட்டால் ஃபேன் ஓடுகிறது. தொங்கினால் ஓடவில்லை. செலவு பூஜ்யம், சார்ஜ் போடவேண்டாம்.

---

ஸ்டோர்கீப்பர் | வியாழன், காலை 9:40

நிழலுரு தம்பி, ஒவ்வொரு ரீஜெண்ட் பாட்டிலிலும் க்யூஆர் ஒட்டி, காட்டினால் அபாயக் குறி தெரிகிற மாதிரி செய்யலாமா என்று யாரோ எனக்குத் தனி மடலில் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஸ்டோரில் வரும் அசல் பாட்டிலில் ஜிஎச்எஸ் (உலகப் பொது அபாயக் குறியீட்டு முறை) படக்குறி ஒழுங்காக அச்சடித்து வரும். மேசையில் இருப்பது நாங்கள் ஊற்றி நிரப்பும் பாட்டில். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் என்று பேப்பர் ஒட்டி, ஆவி பட்டு எழுத்து மங்கி, அதன்மேல் இன்னொரு பேப்பர் ஒட்டி ஓடும். அவசரத்துக்கு வேறு எதையாவது அதில் ஊற்றிவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாட்டில் மாறும், க்யூஆர் மாறாது. செல்போன் சொல்லிவிட்டது என்று பிள்ளை நம்பினால் அந்த நம்பிக்கைதான் ஆபத்து. எழுத்தை ஒழுங்காக எழுதி ஒட்டுங்கள், ஏஆர் அடையாளம் அலமாரித் தட்டுக்குப் போதும்.

இன்னொரு விஷயம், சூடான முக்காலி. எங்கள் கல்லூரியில் ஒருவர் கொரோனா கால நெற்றித் துப்பாக்கியால் அதை அளந்து பார்த்தார். 'ஹை' என்று மட்டும் காட்டியது. அது உடம்புச் சூட்டுக்கு, 43 டிகிரிக்கு மேல் தெரியாது. தொழிற்சாலையில் பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்குங்கள், பெரிய விலை இல்லை. நிஜ முக்காலியில் நிஜ எண்ணைப் பார்த்தால் பிள்ளை கையை நீட்டாது.

---

நிழலுரு | வியாழன், காலை 10:03

ஐயா, சூட்டுக்கு நானும் ஒரு யோசனை வைத்திருந்தேன், முக்காலியைச் சிவப்பாகக் காட்டலாம் என்று. ஆனால் கேமராவுக்கு வெப்பம் தெரியாது, நான் காட்டும் சிவப்பு வெறும் கற்பனை. உங்கள் துப்பாக்கி அளந்து சொல்கிறது. சூட்டை விட்டுவிடுகிறேன்.

---

மூன்றாம்பெஞ்ச் | வியாழன், மதியம் 1:05

எஸ்டிஎஸ் தாளையும் (ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாள்) யாராவது சுருக்குங்கள். 16 பிரிவு, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். மேலே கொட்டினால் என்ன செய்வது என்பது நான்காம் பிரிவில் இருக்கிறது, எந்தக் கையுறை என்பது எட்டில். கையில் அமிலம் பட்டு நிற்பவன் எங்கே தேடுவான்? அலமாரியில் போனைக் காட்டினால் அந்த இரண்டு பிரிவும் தமிழில் நாலு வரி வந்தால் போதும்.

---

வெளியூர்_ஆய்வன் | வியாழன், இரவு 8:30

நல்ல யோசனை தம்பி. ஆனால் அமிலம் பட்டபிறகு போனை எடுக்காதே, நேரே தண்ணீருக்கு ஓடு. அந்த நாலு வரியை முந்தின நாளே படித்திருக்கவேண்டும்.

வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை நாற்றம் என்று கற்பிக்கிறோம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்தால் முடிந்தது. ஏஆர் மூக்குக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வாயுவின் அளவு ஏற ஏற, ஒரு பக்கம் 'மூக்குக்குத் தெரிவது' என்ற கோடு பூஜ்யத்துக்கு விழுவதைக் காட்டலாம். அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் உபகரணம் இன்னும் வைத்திருக்கும் லேபுகளுக்கு இது பொருந்தும்.

---

கூம்புக்குடுவை | சனி, மாலை 4:45

இன்று துறைக் கூட்டம் முடிந்தது. முடிவானதைப் பதிகிறேன், இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

அந்த மென்பொருளை வாங்கவில்லை. பழையமணி சாரின் 22 லிட்டர் கணக்கை முதல்வரிடம் காட்டினேன், இரண்டு கண்கழுவிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒன்று அமில அலமாரி பக்கம், இன்னொன்று ஆர்கானிக் பகுதியில். தண்ணீர்த் தொட்டி மோட்டார் லேப் நேரத்தில் ஓடவேண்டும் என்று தனியாகக் கடிதம் எழுதவேண்டியிருந்தது, அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏஆர் மூன்று காட்சி மட்டும் செய்கிறோம்: அசிட்டோன் ஆவி மேசையில் பரவுவது, அதே ஆவி ஹூட்டுக்குள் இழுபடுவது, அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் எங்கே வெப்பம் கிளம்புகிறது என்பது. வெடிப்பு கிடையாது. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்கிறார்கள், நிழலுரு அவர்களுக்கு வழிகாட்டச் சம்மதித்திருக்கிறார். முதல் நாள் மொத்தமாகக் காட்டப்போவதில்லை. மூன்றாம்பெஞ்ச் சொன்னபடி, அமிலம் தொடும் வாரத்துக்கு முன்வகுப்பில் அமிலக் காட்சி, அசிட்டோன் தொடும் வாரத்தில் அசிட்டோன் காட்சி. லேபுக்குள் போன் வராது, புரொஜெக்டர்தான்.

பிழை மேசையை ஆகஸ்டில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை வைப்போம். பழைய முறைப் பேட்சுக்கு ஏஆரைக் காட்டாமல் விடுவது நியாயமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அக்டோபர் பரீட்சை முடிந்ததும் அவர்களுக்கும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். சோடியம், கண்ணாடிக் குழாய், பழுப்பு வளையம் எல்லாம் பழையபடி கை பிடித்துத்தான். ஸ்டோர்கீப்பர் ஐயா பக்கத்து ஊர்தான் என்று தெரிந்தது, ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்டக் கேட்டிருக்கிறோம்.

ஆசிரியர்களும் கண்ணாடி மாட்டவேண்டும் என்பதற்குக் கூட்டத்தில் பத்து நிமிடம் சண்டை. நிறைவேறியது.

---

ஸ்டோர்கீப்பர் | சனி, மாலை 5:20

வருகிறேன் மேடம். சோடியம் புதிதாக வாங்கிவையுங்கள், பழையது மேலோடு வெளுத்துப் போயிருந்தால் வெட்டும்போதே தொல்லை. கம்பிவலை ஓட்டை இல்லாததாக நாலைந்து எடுத்துவையுங்கள்.

---

நிழலுரு | சனி, இரவு 7:55

மார்க்கர் அச்சடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கடையில் கொடுத்தால் பளபளப்பாக லேமினேட் செய்து தருவார்கள். டியூப்லைட் அதில் பட்டால் கேமராவுக்கு வெள்ளைத் திட்டு மட்டும்தான் தெரியும். மேட் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் கறுப்புக் கட்டத்துக்கு வெளியே வெள்ளை விளிம்பு விடவேண்டும், கடப்பா கல்மேல் கறுப்போடு கறுப்பு கலந்தால் மார்க்கர் கிடைக்காது. அளவு ஏ5-க்குக் குறையவேண்டாம், புரொஜெக்டருக்குத் தூரத்திலிருந்து பிடிப்பீர்கள்.

---

கூம்புக்குடுவை | சனி, இரவு 8:10

மேட் லேமினேஷனில் அமிலம் தெறித்தால் தாங்குமா?

---

நிழலுரு | சனி, இரவு 8:14

தெரியவில்லை மேடம். கூடுதலாகப் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அமில மேசை மார்க்கரை வகுப்பு முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.